கேமரா ஃப்ரேம் தரும்வரை காத்திருப்பது எப்படி? லினக்ஸ் வீடியோ நிரலாக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளின் கடைசி வருட ப்ராஜெக்டில் இப்போதெல்லாம் எப்படியாவது ஒரு கேமரா வந்துவிடுகிறது. தோவாளைச் சந்தையில் பூ மூட்டை எண்ணுவது, தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் படகு வந்துபோவதைக் குறிப்பது, ரப்பர் ஷீட்டை நிறம் பார்த்துத் தரம் பிரிப்பது என்று யோசனைகள் நன்றாகவே இருக்கின்றன. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று, ஒரு யூஎஸ்பி வெப்கேம், சி-யிலோ பைத்தானிலோ ஒரு நிரல், அவ்வளவுதான் சாமான். மேசையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் ஓடும், வெளியே கொண்டுபோய் வைத்தால் நடுவில் நின்றுவிடும். அப்போதுதான் அடியில் என்ன நடக்கிறது என்று கேட்டு வருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் இதே கேள்விகளோடுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இங்கே பேசுவது வி4எல்2, அதாவது 'வீடியோ ஃபார் லினக்ஸ்' இரண்டாம் பதிப்பு பற்றி. லினக்ஸில் நிரல் கேமராவோடு பேசும் இடைமுகம் அது. க்யூபஃப், டிக்யூபஃப், ஸ்ட்ரீம்ஆன் என்று நான் எழுதுபவை ஐஆக்டில் கட்டளைகள், அதாவது நிரல் சாதனத்தின் டிரைவருக்குக் கொடுக்கும் கட்டளைகள். கேமராவில் க்யூபஃப் காலி பஃபரை (படம் வைக்கும் நினைவக இடம்) டிரைவரிடம் கொடுக்கும், டிக்யூபஃப் நிரம்பியதைத் திரும்ப எடுக்கும், ஸ்ட்ரீம்ஆன் படம்பிடிப்பைத் தொடங்கும். நிரலில் இவற்றுக்கு முன்னால் 'விட்ஐஓசி' என்ற முன்னொட்டு சேரும்.

போல்() எதற்காகக் காத்திருக்கிறது?

போல்() என்பது ஏதாவது நடக்கும்வரை நிரலைக் காத்திருக்க வைக்கும் லினக்ஸ் அழைப்பு. கேமரா படம் எடுப்பதற்காக என்று சொன்னால் பாதிதான் சரி. நீங்கள் கர்னலிடம் (லினக்ஸின் மையப்பகுதி) கொடுத்து வைத்த பஃபர்களில் ஏதாவது ஒன்று நிரம்பி, டிக்யூபஃப் செய்து எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வருவதற்காகத்தான் அது காத்திருக்கிறது. கேமரா ஓடிக்கொண்டே இருக்கலாம், சென்சார் விநாடிக்கு 30 படம் பிடித்துக்கொண்டே இருக்கலாம். பஃபர் உங்கள் கையில் இருந்தால் டிரைவரிடம் படத்தை வைக்க இடம் கிடையாது, போல்() எழுந்திருக்காது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. போல்() விசித்திரமாக நடக்கிறது என்று தோன்றினால், அதை விட்டுவிட்டு முதலில் எந்த பஃபர் யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

படம் தயார் என்றால் ரிட்டர்ன் நிகழ்வுகளில் போல்இன், போல்ஆர்டிநார்ம் என்ற கொடிகள் இரண்டும் எழும்பும். நேரம் முடிந்தால் பூஜ்ஜியம் திரும்பும். பிழை என்றால் மைனஸ் ஒன்று, காரணம் எர்நோ என்ற மாறியில் இருக்கும்.

டிக்யூபஃப்பே படம் வரும்வரை நிற்குமே, அப்புறம் போல்() எதற்கு?

ஒரே ஒரு கேமரா, வேறு வேலையே இல்லை என்றால் தேவையில்லைதான். சாதனத்தைச் சாதாரணமாகத் திறந்து டிக்யூபஃப்பில் நிற்கலாம், தப்பில்லை. ஆனால் அப்படி நிற்பதற்கு நேர வரம்பு கிடையாது, கேமரா முடங்கினால் உங்கள் நிரலும் அதோடு முடங்கும். ஒரே த்ரெட்டில் (நிரலின் ஒரே ஓட்டத்தில்) இரண்டு கேமரா, ஒரு நெட்வொர்க் சாக்கெட், ஒரு டைமர் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டுமானால் போல்() தவிர நல்ல வழி இல்லை.

செலக்ட்(), போல்(), ஈபோல்() இவற்றில் எதை எடுப்பது?

மூன்றும் காத்திருப்பதற்கான அழைப்புகள்தான், எடுக்க வேண்டியது போல்(). செலக்ட்() 1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்தது. பழைய எடுத்துக்காட்டு நிரல்கள் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும், கேமராவுக்கு அது போதும்தான். ஆனால் ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த சாதனத்தைக் குறிக்கக் கர்னல் தரும் எண்) 1024 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதில் வைக்க முடியாது, ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்கிரிப்டர் தொகுப்பைப் புதிதாக நிரப்ப வேண்டும். அதோடு லினக்ஸில் அது டைம்அவுட் மதிப்பையும் மாற்றிவிடும் என்பதால், லூப்புக்கு வெளியே ஒருமுறை இரண்டு விநாடி என்று எழுதி வைத்தவர்களுக்கு அது தேய்ந்து தேய்ந்து பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். ஈபோல்() ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும் சர்வருக்கானது. இரண்டு கேமராவுக்கு அதில் லாபம் ஒன்றுமில்லை. எட்ஜ் ட்ரிகர் (புதிதாக ஒன்று வரும்போது மட்டும் எழுப்பும் முறை) வைத்தால் ஈஅகெய்ன் ('இப்போது எதுவும் இல்லை' என்ற பதில்) வரும்வரை எல்லா பஃபரையும் எடுத்தாக வேண்டும், ஒன்றை விட்டுவைத்தால் அதற்காக மறுபடி எழுப்பமாட்டார்கள்.

போல்() கூப்பிட்ட உடனேயே போல்எர் வருகிறது. கேமரா கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. அநேகமாக ஸ்ட்ரீம்ஆன் செய்யாமல் கூப்பிட்டிருப்பீர்கள். ஸ்ட்ரீமிங் தொடங்காத கேமராவில் போல்() வெற்றிகரமாகவே திரும்பும், ஆனால் போல்எர் என்ற பிழைக் கொடியோடு. ஸ்ட்ரீம்ஆன் செய்துவிட்டு ஒரு பஃபரைக்கூட க்யூபஃப் செய்யாமல் விட்டாலும் இதே பதில்தான். சரியான வரிசை: ரெக்பஃப்ஸ் கேட்டு பஃபர் வாங்குங்கள், எம்மேப் செய்து அவற்றை நிரலுக்குத் தெரிய வையுங்கள், எல்லாவற்றையும் க்யூபஃப் செய்யுங்கள், பிறகு ஸ்ட்ரீம்ஆன், அதற்குப் பிறகுதான் போல்().

போல்எர் நீங்கள் கேட்காமலே வரும் கொடி. போல்இன் மட்டும் பார்த்துவிட்டு மற்றதை ஒதுக்கிவிடும் லூப் எழுதியிருந்தால், போல்() உடனுக்குடன் திரும்பும், லூப் உடனுக்குடன் சுற்றும், சிபியு நூறு சதவீதத்தில் கொதிக்கும். பை சூடாகிறது என்று விசிறி வாங்கப் போவதற்கு முன்னால் எஸ்ட்ரேஸ் (நிரலின் கர்னல் அழைப்புகளைக் காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். போல்() வரி நிற்காமல் ஓடினால், ஒவ்வொன்றின் கடைசியிலும் போல்எர் இருந்தால், காரணம் தெரிந்துவிட்டது.

அண்ணே, சரியாக நாலு ஃப்ரேம் வருது, அப்புறம் அப்படியே நிக்குது. ஏன்?

ரெக்பஃப்ஸில் நான்கு பஃபர் கேட்டிருக்கிறீர்கள் இல்லையா? அதுதான் அந்த நாலு. டிக்யூபஃப் செய்து படத்தை எடுத்தீர்கள், வேலை முடிந்ததும் பஃபரைத் திரும்ப க்யூபஃப் செய்யவில்லை. தேங்காப்பட்டணத்தில் மீன் இறக்கும்போது காலிப் பெட்டி படகுக்குத் திரும்பாவிட்டால் அடுத்த மீனை எதில் அள்ளுவார்கள்? டிரைவரின் நிலைமையும் அதேதான். இதில் குழப்புவது என்னவென்றால், இந்த நிலையில் போல்எர் வராது. 'இன்னும் பஃபரே வரவில்லை' என்ற போல்எர் ஸ்ட்ரீம் தொடங்கிய பிறகு முதல் க்யூபஃப் வரைக்கும்தான். அதற்குப் பிறகு எல்லா பஃபரையும் நீங்கள் கையில் வைத்துக்கொண்டால் போல்() அமைதியாகக் காத்திருக்கும், டைம்அவுட் மைனஸ் ஒன்று என்று கொடுத்திருந்தால் காலவரையில்லாமல் காத்திருக்கும்.

நேரடியாக மறந்துபோவது அபூர்வம். அதிகம் நடப்பது வேறு: ஃப்ரேமைச் சரிபார்க்கும் இடத்தில் 'அளவு குறைவு, விடு' என்று ஒரு கன்டின்யூ இருக்கும், அந்தக் கன்டின்யூ க்யூபஃப் வரியைத் தாண்டிக் குதித்துவிடும். அப்படி நான்கு கெட்ட ஃப்ரேம் சேர்ந்த அன்றைக்கு நிரல் நிற்கும். அது முதல் நிமிடத்திலும் நடக்கலாம், மூன்று நாள் கழித்தும் நடக்கலாம். அதனால்தான் மேசையில் ஓடிய நிரல் துறைமுகத்தில் நிற்கிறது. டிக்யூபஃப் வெற்றி பெற்ற எந்தப் பாதையில் போனாலும் அந்த பஃபர் க்யூபஃப்புக்குத் திரும்பியாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நிரலில் வரிவரியாக விரல் வைத்துப் பாருங்கள்.

டைம்அவுட் எவ்வளவு வைக்கலாம்?

30 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்கு 33 மில்லி விநாடி, அதனால் 50 போதும் என்று கணக்குப் போட்டு வைக்கிறார்கள். கணக்கு சரி, வெளிச்சம்தான் ஒத்துழைக்காது.

துறைமுகத்தில் விடியற்காலையில் ஓடும் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவில் தானியங்கி எக்ஸ்போஷர் இருக்கும். இருட்டாக இருந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும், ஃப்ரேமின் நேரம் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பல வெப்கேம்கள் ஃப்ரேம் வேகத்தையே குறைத்துவிடும். 30 என்று நீங்கள் கேட்டு வாங்கியது 15 ஆகும், 10 ஆகவும் ஆகலாம். 10 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 100 மில்லி விநாடி. உங்கள் 50 மில்லி விநாடி போல்() ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்ஜியத்தோடு திரும்பும். அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு கேமராவை மூடித் திறக்கும் நிரல், சூரியன் மேலே வரும்வரை ஒரு படமும் எடுக்காது, விடிந்த பிறகு தானாகச் சரியாகிவிடும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனிலும் அக்டோபரிலும் பகலிலேயே மேகம் மூடி இதே கதை நடக்கும்.

இந்த நடத்தையை நிறுத்த ஒரு கன்ட்ரோல் உண்டு. வி4எல்2-சிடிஎல் கருவியில் கன்ட்ரோல் பட்டியலைக் கேட்டால் 'எக்ஸ்போஷர் டைனமிக் ஃப்ரேம்ரேட்' என்று வரும், பழைய கர்னலில் 'எக்ஸ்போஷர் ஆட்டோ ப்ரையாரிட்டி'. அதைப் பூஜ்ஜியமாக்கினால் வேகம் குறையாது, படம் இருட்டாகும். எது வேண்டும் என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. படகு எண்ணுவதற்கு 10 ஃப்ரேம் தாராளம், அதனால் நான் வேகத்தை விட்டுக்கொடுத்து வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளவே சொல்வேன்.

டைம்அவுட்டுக்கு வருவோம். இரண்டு விநாடி வையுங்கள், வி4எல்2 ஆவணத்தோடு வரும் எடுத்துக்காட்டு நிரலிலும் அதுதான் இருக்கிறது. அது ஃப்ரேம் வேகத்துக்கான அளவுகோல் இல்லை, கேமரா உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஸ்ட்ரீம்ஆன் செய்தபின் முதல் ஃப்ரேம் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். நடுவில் நிரலுக்குச் சிக்னல் வந்து ஈஇன்டர் ('குறுக்கீடு') கிடைத்தால் அது பிழை இல்லை, திரும்பக் கூப்பிடுங்கள்.

ஓப்பன்சிவியில் 'செலக்ட் டைம்அவுட்' என்று வருகிறதே, இதுவும் அதுதானா?

அதேதான். ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க நூலகத்தின் வி4எல் பகுதி உள்ளுக்குள் செலக்ட்() கூப்பிட்டுப் பத்து விநாடி காத்திருக்கிறது, படம் வராவிட்டால் அந்த வரியை அச்சிடுகிறது. 'ஓப்பன்சிவி_வீடியோஐஓ_வி4எல்_செலக்ட்_டைம்அவுட்' என்ற சூழல் மாறியில் விநாடிகளை மாற்றலாம். ஆனால் பத்து விநாடியில் வராத படம் அறுபது விநாடி கொடுத்தாலும் வரப்போவதில்லை, காரணத்தை கேபிளிலோ பேண்ட்வித்திலோதான் தேட வேண்டும். பல கேமராக்களில் எது தயாரோ அதைக் கேட்க வீடியோகேப்சர் வகுப்பில் வெயிட்எனி என்ற செயற்கூறு இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்() தயார் என்றது, டிக்யூபஃப் போனால் ஈஅகெய்ன். யார் சொல்வது உண்மை?

இரண்டும் உண்மை, அந்தந்த நேரத்தில். நடுவில் உங்கள் இன்னொரு த்ரெட் அந்த பஃபரை எடுத்திருக்கலாம். அதற்காகத்தான் போல்() பயன்படுத்தும்போதும் சாதனத்தை ஓ_நான்பிளாக் ('நிற்காமல் உடனே திரும்பு') கொடுத்துத் திறக்கச் சொல்கிறோம். ஈஅகெய்ன் வந்தால் திரும்பப் போய்க் காத்திருங்கள்.

போல்இன் வந்தால் படம் நன்றாக இருக்கும் என்று நம்பலாமா?

நம்பக்கூடாது. பஃபர் தயார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். டிக்யூபஃப் செய்தபின் மூன்று இடங்களைப் பாருங்கள். பஃபரின் கொடிகளில் எரர் கொடி இருந்தால் அந்தப் படம் பாதியில் அறுந்திருக்கலாம், தூக்கிப்போட்டுவிட்டு பஃபரைத் திருப்பிக் கொடுங்கள். பைட்ஸ்யூஸ்ட், அதாவது பஃபரில் நிரம்பிய பைட், எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் சீக்வன்ஸ் எண், இதை யாருமே பார்ப்பதில்லை, ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். 41-க்கு அடுத்து 45 வந்தால் நடுவில் மூன்று ஃப்ரேம் போய்விட்டது, அந்த நேரத்தில் பஃபர் யாரிடம் இருந்தது என்று தேடத் தொடங்கலாம்.

திரையில் தெரியும் படம் அரை விநாடி பழையதாக இருக்கிறது. போல்() தாமதமா?

போல்() தாமதிக்கவில்லை, உங்கள் செயலாக்கம் மெதுவாக இருக்கிறது. ஒரு ஃப்ரேமை அலச 150 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் மற்ற பஃபர்கள் நிரம்பி வரிசையில் உட்கார்ந்திருக்கும். அடுத்த போல்() உடனே திரும்பும், கையில் வருவது வரிசையில் மிகப் பழைய படம். பஃபர் எண்ணிக்கையைக் கூட்டினால் இது மோசமாகும், குறையாது. ஈஅகெய்ன் வரும்வரை டிக்யூபஃப் செய்துகொண்டே போய், கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அப்படியே க்யூபஃப் செய்துவிடுங்கள்.

வெளியீட்டுச் சாதனத்துக்கு எப்படி?

படத்தை வெளியே அனுப்பும் சாதனம் என்றால் திசை மாறும். அங்கே போல்அவுட் கேட்க வேண்டும், புதிய பஃபரை ஏற்றுக்கொள்ள இடம் கிடைக்கும்வரை அது காத்திருக்கும். ஒரு வித்தியாசம் முக்கியம்: ஸ்ட்ரீம்ஆன் செய்து, இன்னும் எதையும் க்யூபஃப் செய்யாத நிலையில் கேமரா போல்எர் தரும் என்றோம், வெளியீட்டுச் சாதனம் போல்அவுட் தரும். நியாயம்தானே, வரிசை முழுக்கக் காலியாக இருக்கிறது, போடு என்கிறது.

உள்ளே ஒன்று போட்டு வெளியே ஒன்று எடுக்கும், வீடியோவைச் சுருக்கும் என்கோடர், விரிக்கும் டிகோடர் வகைக்கு எம்2எம் என்று பெயர். ராஸ்பெர்ரி பை 4-இல் எச்.264 என்கோடர் இப்படித்தான் /டெவ்/வீடியோ11 என்று தெரியும். பை 5-இல் அந்த ஹார்டுவேர் என்கோடரே கிடையாது, பழைய நிரலை அதில் போட்டுவிட்டுத் தேடாதீர்கள். எம்2எம் சாதனத்தில் ஒரே டிஸ்கிரிப்டரில் போல்இன், போல்அவுட் இரண்டையும் கேட்கலாம், எது வந்ததோ அந்தப் பக்கத்தை மட்டும் கவனியுங்கள். ஸ்ட்ரீம் முடிந்ததும் கடைசி பஃபரில் லாஸ்ட் கொடி வரும். அதற்குப் பிறகும் டிக்யூபஃப் செய்தால் ஈபைப் என்ற பிழை வரும்.

போல்ப்ரை எப்போது வரும்?

நீங்கள் சப்ஸ்கிரைப்_ஈவன்ட் மூலம் கேட்டு வைத்த நிகழ்வு நடந்தால் வரும். உள்ளே வரும் சிக்னலின் அளவு மாறியது, யாரோ பிரைட்னஸ் கன்ட்ரோலைத் திருகினார்கள், இந்த மாதிரி. வந்ததை டிக்யூஈவன்ட் மூலம் எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டே இருக்கும்.

ஸ்ட்ரீமிங் வேண்டாம், நேராக ரீட்() போதும் என்றால்?

ரீட்() ஆதரிக்கும் டிரைவர் சிலதான், யூஎஸ்பி வெப்கேமில் எதிர்பார்க்காதீர்கள். ஆதரிக்கும் டிரைவரில் ஒரு பொறி உண்டு: பஃபர் எதுவும் வாங்காமல் போல்இன் கேட்டு போல்() கூப்பிட்டால், நீங்கள் ரீட்() முறைக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அதுவே படம்பிடிக்கத் தொடங்கிவிடும். பிறகு ரெக்பஃப்ஸ் போனால் ஈபிஸி, அதாவது 'வேலையில் இருக்கிறது' என்ற பிழை. போல்ப்ரை மட்டும் கேட்டால் தொடங்காது.

இரண்டு வெப்கேம் வைத்தால் இரண்டாவது ஓடவே மாட்டேன் என்கிறது.

இது போல்() வரைக்கும் வராத சிக்கல், ஆனாலும் அடிக்கடி கேட்கிறார்கள். 640-க்கு 480 அளவில் ஒய்யூஒய்வி (சுருக்காத வடிவம்) படம் ஒன்று 6,14,400 பைட். விநாடிக்கு 30 என்றால் 1 கோடியே 84 லட்சம் பைட். யூஎஸ்பி 2.0-இன் மொத்த வேகமே விநாடிக்கு 480 மெகாபிட், அதில் கேமரா மாதிரி நேரம் தவறக்கூடாத சாதனங்களுக்கு 80 சதவீதம்தான் ஒதுக்குவார்கள். அதிலும் பல கேமராக்கள் தேவைக்கு அதிகமாகவே இடம் பிடித்து வைக்கும். இரண்டாவது கேமராவின் ஸ்ட்ரீம்ஆன் ஈநோஸ்பிசி என்று திரும்பும், 'இடம் இல்லை' என்ற செய்தியைப் பார்த்து மெமரி கார்டைக் காலி செய்தவர்கள் உண்டு. இடம் இல்லாதது பஸ்ஸில். எம்ஜேபெக் என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாறுங்கள், அல்லது வேறு யூஎஸ்பி கன்ட்ரோலரில் செருகுங்கள்.

இன்னொன்று, ஒரு வெப்கேமுக்கு /டெவ்/வீடியோ0, /டெவ்/வீடியோ1 என்று இரண்டு தெரிந்தால் அது இரண்டு கேமரா இல்லை. இரண்டாவது பெரும்பாலும் மெட்டாடேட்டா கணு, அதில் படம் வராது. க்வெரிகேப் செய்து டிவைஸ் கேப்ஸ் (அந்தக் கணுவின் திறன்கள்) பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் பிடுங்கினால்?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கம்பத்தில் கேமரா வைத்தவர்கள் இதை ஆடி மாதம் முழுக்கப் பார்ப்பார்கள், காற்றில் கனெக்டர் ஆடி ஆடி இணைப்பு விட்டுவிட்டு வரும். கடலோரம் என்றால் உப்புக்காற்று பின்னை அரித்துவிடும். இணைப்பு போனதும் போல்எர், போல்ஹப் இரண்டும் சேர்ந்து வரும், அதற்குப் பிறகு எந்த ஐஆக்டில் போனாலும் ஈநோடெவ் ('சாதனம் இல்லை'). அந்த டிஸ்கிரிப்டரால் இனி பயனில்லை. எம்மேப்பை விடுவித்து, மூடி, சாதனம் திரும்ப வரும்வரை யூடெவ் (சாதனம் வந்துபோவதைச் சொல்லும் சேவை) செய்தியைக் கவனித்து, புதிதாகத் திறந்து முதலில் இருந்து தொடங்க வேண்டும். திரும்ப வரும்போது வீடியோ0 வீடியோ2 ஆகவும் மாறியிருக்கலாம், அதனால் /டெவ்/வி4எல்/பை-ஐடி கீழே உள்ள பெயரால் திறப்பது நல்லது.

போல்()-இல் தூங்கும் த்ரெட்டை எப்படி எழுப்பி நிறுத்துவது?

இன்னொரு த்ரெட்டில் இருந்து டிஸ்கிரிப்டரை மூடிவிட்டால் எழுந்துவிடும் என்று நம்பாதீர்கள், அந்த எண் வேறு ஃபைலுக்குப் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. ஒரு ஈவன்ட்எஃப்டி (செய்தி சொல்லி எழுப்புவதற்கான டிஸ்கிரிப்டர்) உருவாக்கி அதையும் போல்() பட்டியலில் சேருங்கள். நிறுத்த வேண்டும் என்றால் அதில் எழுதுங்கள், த்ரெட் எழுந்து, தானே ஸ்ட்ரீம்ஆஃப் செய்துவிட்டு வெளியே வரட்டும். ஸ்ட்ரீம்ஆஃப் செய்தால் எல்லா பஃபரும் உங்களிடம் திரும்பிவிடும், மறுபடி ஸ்ட்ரீம்ஆன் செய்யும் முன் எல்லாவற்றையும் புதிதாக க்யூபஃப் செய்ய வேண்டும்.

கேமரா இல்லாமல் இதையெல்லாம் பழக முடியுமா?

முடியும், அப்படிப் பழகுவதுதான் நல்லது என்பேன். கர்னலிலேயே விவிட் என்று ஒரு டிரைவர் இருக்கிறது. மாட்யூலை ஏற்றினால் நிஜக் கேமரா மாதிரியே ஒரு சாதனமும், ஒரு வெளியீட்டுச் சாதனமும் கிடைக்கும், திரையில் நிறப்பட்டை ஓடும். அதில் பிழையை வேண்டுமென்றே உண்டாக்கும் கன்ட்ரோல்கள் இருக்கின்றன: பஃபரில் எரர் கொடி போட வைக்கலாம், சாதனம் பிடுங்கப்பட்டதுபோல் நடிக்க வைக்கலாம், க்யூவையே பிழை நிலைக்குத் தள்ளலாம். உங்கள் லூப்பை அதில் ஓடவிட்டு ஒவ்வொரு கன்ட்ரோலாக அழுத்திப் பாருங்கள். எல்லாவற்றிலும் தப்பித்து, இரவு முழுக்கச் சீக்வன்ஸ் எண் இடைவெளி இல்லாமல் ஓடினால், அப்புறம் கேமராவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகலாம்.